சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் செக்கடித் தெருவுக்குக் குளிர்காற்று வந்து குடியேறிய கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், ஒருத்தன் அது மலையிலிருந்து இறங்கி வந்தது என்கிறான், ஒருத்தி அம்மன் விட்ட மூச்சு என்கிறாள், பேப்பர்க்காரர் ஒருவர் வந்து தெருவைப் போட்டோ பிடித்துக்கொண்டு போய் வானிலை மாற்றம் என்று போட்டார். அதெல்லாம் கிடக்கட்டும், நான் சொல்கிறேன் கேளுங்கள், ஏனென்றால் அந்தக் காற்று முதன்முதலாக வந்து மோதியது என் மாவு வாளியில்தான், அதோடு முதல் சண்டை போட்டவளும் நான்தான்.

என் பெயர் தங்கபுஷ்பம். கோவில்பட்டியில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே கனி கம்ப்யூட்டர்ஸ். அதை நடத்துகிற சண்முகக்கனிக்கு முப்பத்து நாலு வயது, என்னை அத்தை என்று கூப்பிடுவாள், யாராவது கெட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். ரிப்பேர் வேலை வயிற்றுப்பாட்டுக்கு. அவள் உயிர் முழுக்க இருந்தது அவளுடைய வீடியோ சேனலில். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது, எதை வாங்கலாம், எதை வாங்கினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளவேண்டும், எந்த கேம் எந்த மெஷினில் ஓடும், எதில் நொண்டும் என்று நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுவாள், அதைக் கேட்க ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் அவள் கனியக்கா.

மற்ற சேனல்காரர்கள் மாதிரி தனக்குத் தோன்றியதைச் செய்கிறவள் இல்லை அவள். ஒவ்வொரு வீடியோ முடிகிறபோதும் கேமராவைப் பார்த்து, "அடுத்து என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க, அதைச் செய்றேன்" என்பாள். அவர்களும் சொல்லுவார்கள். அக்கா பழைய போர்டில் புது கேம் ஓடுமா பாருங்க, அக்கா ரேம் ரெண்டு போட்டா நல்லதா நாலு போட்டா நல்லதா, அக்கா என் மெஷின் ஏரோப்பிளேன் மாதிரி சத்தம் போடுது அதுக்கு ஒரு வீடியோ, அக்கா முறுக்கு டின்னுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் கட்டுங்க, அக்கா கண்ணைக் கட்டிக்கிட்டு ரேஸ் கேம் ஆடுங்க என்று ஆயிரக்கணக்கில் வந்து விழும், அதில் எதற்கு லைக் அதிகமோ அதை வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் செய்தே தீருவாள். முறுக்கு டின்னுக்குள் கட்டினாள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடி, காரை ஆற்றுக்குள் விட்டாள். ஏழு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை, ஒரு யோசனையைத் தள்ளியதில்லை. அதுதான் அவளுடைய மரியாதை.

போன வருஷம் புரட்டாசியில் வந்த யோசனை கொஞ்சம் பெரியது. எங்கள் சொல்படி ஒரு கம்ப்யூட்டர் கட்டுங்க அக்கா, ஒவ்வொரு சாமானையும் நாங்க சொல்றோம் என்றார்கள். சொன்னார்கள். கேபினட் திருவாரூர்க்காரி ஒருத்தி சொன்னது, ரேம் குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர் சொன்னது, கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று நாள் சண்டை நடந்து கடைசியில் பழனிக்காரர் ஜெயித்தார், ஃபேனுக்குள் எரிகிற விளக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் நாலாயிரம் பேர் சொல்லி மயில் நீலத்தில் வந்து நின்றது. கனி ஒவ்வொன்றாக வரவழைத்து, ஒவ்வொன்றையும் கேமரா முன்னால் பிரித்து, சொன்னவர் பெயரைச் சொல்லி மாட்டினாள். பிராசஸரைப் பொருத்திவிட்டு, அதன் தலையில் சூடு இறங்குவதற்கான பேஸ்டைத் தடவ எடுக்கிற நேரத்தில் ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜையன்று ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஆகவே அப்படியே திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற வேலை அவள் புருஷன் ஐயாத்துரையுடையது. தீப்பெட்டி ஆபீஸுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், யாருக்கும் ஒரு குறை வைக்கக் கூடாது என்று நினைக்கிற ஆத்மா. ஆட்டோவுக்கு வைத்தார், அரிவாள்மனைக்கு வைத்தார், ரோட்டைத் தாண்டி வந்து என் கிரைண்டருக்கு வைத்தார், கனியின் ஸ்க்ரூடிரைவர் ஒவ்வொன்றுக்கும் வைத்தார், பிறகு அந்தத் திறந்த கம்ப்யூட்டருக்கும் வைத்தார். மறுநாள் விஜயதசமிக்கு வேலையைத் தொடங்கிய கனி, பிராசஸரின் தலையில் வெளுப்பாக எதுவோ காய்ந்திருப்பதைப் பார்த்து, முன்னமே பேஸ்ட் தடவிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, மேலே ஃபேனை வைத்து நான்கு திருகையும் முடுக்கிவிட்டாள்.

அன்றைக்கு என் மாவு பொங்கவில்லை.

காலையில் அரைத்து வைத்த மாவு சாயங்காலம் வரை கல் மாதிரி கிடந்தது. இருபத்து மூன்று வருஷமாக அரைக்கிறேன், மாவு என்னை ஏமாற்றியதில்லை. கையை நீட்டிப் பார்த்தேன், கனியின் கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி ஒரு காற்று நேராக என் வாளிக்கு வந்துகொண்டிருந்தது, கார்த்திகை விடியலில் கிணற்றடியில் நின்றால் வருகிற மாதிரி. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே போனேன்.

"ஏட்டி கனி, என் மாவை என்ன பண்ணித் தொலைச்ச?"

"உங்க மாவை நான் என்ன அத்தே பண்ணினேன்?" என்றவள் போர்வை போர்த்தியிருந்தாள். திரையில் டிராகன் ஒன்று பனிமலைக்கு மேல் பறந்துகொண்டிருந்தது. "இங்க பாருங்க. இருக்கிறதுலயே பெரிய கேமைப் போட்டிருக்கேன். எண்பது டிகிரி காட்டணும். பன்னெண்டு காட்டுது. மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் கையை வைத்தேன். ஐஸ் பெட்டிக்குள் விட்டது மாதிரி இருந்தது. கேமை நிறுத்தினால் காற்று குறைந்தது, கேமைப் போட்டால் கூடியது, சின்ன கேமுக்குச் சின்னக் காற்று, பெரிய கேமுக்குப் பெரிய காற்று. எல்லா மெஷினும் உழைத்தால் சுடும், இது உழைத்தால் குளிர்ந்தது. வாசலில் நின்ற ஐயாத்துரை தலையைச் சொறிந்தார்.

"கனி, நான் பொட்டு வச்சேன்ல."

"எங்க வச்சீங்க?"

"நடுவுல சதுரமா பளபளன்னு இருந்துச்சே, அதுலதான். எல்லாத்துக்கும் வச்சுட்டு அதை மட்டும் விட்டா அது மனசுல நினைக்காதா?"

கனி அவரைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவ்வளவுதான் எங்கள் தெருவில் அந்த அதிசயத்தைப் பற்றி நடந்த ஆராய்ச்சி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பஞ்சாயத்துதான்.

முதல் பஞ்சாயத்து என்னுடையது. மாவு பொங்கி முடிகிற வரை பெரிய கேம் போடக் கூடாது, பொங்கியதும் போடலாம், போட்டால் மாவு புளிக்காமல் அப்படியே நிற்கும் என்று பேசி முடித்தோம், அன்றிலிருந்து நான் வாளியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைக் காட்டினால்தான் எதிரே டிராகன் பறக்கும். பூக்காரப் பெண்கள் இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டுக் கனி கடை வாசலுக்கே வந்தார்கள், மூன்றாம் நாள் மல்லிகைகூட மொட்டாகவே இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் குச்சிமருந்து ஈரமாகிறது என்று சண்டைக்கு வந்தார், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தெற்கே திருப்பி வைத்ததும் சமாதானமாகப் போனார். மின்வாரியத்துக்காரர் மீட்டரைப் பார்த்துவிட்டு, கரண்டு சரியாகத்தான் போகிறது, குளிருக்கு எங்கள் ஆபீஸில் விண்ணப்பம் கிடையாது என்றார். கவுன்சிலர் வந்து, மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு ரிப்பன் வெட்டினார். பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் சப்பரம் கனி கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றது, தூக்குகிறவர்கள் தோளை ஆற்றிக்கொண்டார்கள், பூசாரி எலுமிச்சை மாலையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் போடப் போனார், கனி ஓடிவந்து தடுத்து, "சாமி, அதை வாசல் நிலையில கட்டுங்க, போர்டுல சாறு பட்டா போச்சு" என்றாள், அவரும் அதுவும் சரிதான் என்று நிலையில் கட்டினார்.

சித்திரை வந்தது. கோவில்பட்டி வெயிலை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, கரிசல் மண் வெடித்து, அந்த வெடிப்புக்குள்ளிருந்தும் வெக்கை வரும், டேங்கில் பிடித்து வைத்த தண்ணீரில் அப்படியே டீ போடலாம். ஆனால் செக்கடித் தெருவில் மட்டும் ஆட்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். காற்று நிற்காமல் வர கேம் நிற்காமல் ஓடவேண்டும், தனியாளாகக் கனி எத்தனை மணி நேரம் ஆடுவாள், ஆகவே தெருவே முறை போட்டுக்கொண்டது. காலை ஷிப்டுக்குப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சாயங்காலம் வந்து கோட்டை பிடிக்கிற கேம் ஆடினார்கள், ரிட்டயர்டு தபால்காரர் நல்லதம்பி காலையில் லாரி கேம் ஆடினார், ஒரு லோடைக்கூட தாமதமாகக் கொண்டு சேர்த்ததில்லை. மதியம் உச்சி வெயிலுக்கு டிராகன் கேம்தான், அதை ஆடுவதற்கு ஒரே ஆள் என் மகள் காளீஸ்வரி.

காளீஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஒன்பதாம் மாதம். வந்த புதிதில் வெக்கை தாங்காமல் மூச்சு வாங்கி, கால் வீங்கி, ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் உட்கார்ந்தே இருப்பாள், டாக்டரம்மா உடம்பு சூட்டைக் குறைங்க, இல்லாவிட்டால் பிரஷர் ஏறிவிடும், ஏறினால் சிக்கல் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார். நான் பயந்து செத்தேன். கனிதான் கூப்பிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவைத்தாள். வயிற்றின் மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தவள் ஒரு வாரத்தில் மூன்று டிராகனைக் கொன்றாள். கால் வீக்கம் வடிந்தது. நன்றாகத் தூங்கினாள். வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்தக் காற்று யாருக்கு என்னவோ, எனக்கு அது என் பிள்ளையின் உயிர்.

இப்படி இருக்கும்போது கனி ஒரு வீடியோ போட்டாள். அக்னி நட்சத்திரத்தில், பகல் ஒரு மணிக்கு, தெருவில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பதை அப்படியே காட்டி, சந்தனப் பொட்டு விஷயத்தையும் சொன்னாள். கீழே கமெண்ட் மழை. அக்கா ஐஸ் வச்சு ஏமாத்துறீங்க, அக்கா பின்னாடி ஏசி இருக்கு, அக்கா உங்களை நம்பித்தானே மெஷின் வாங்கினேன், நீங்களுமா அக்கா. கடைசியில் குடியாத்தத்திலிருந்து அன்வர் என்றொருத்தர், கைலி நெய்கிற தறியில் வேலை, ஏழு வருஷமாகக் கனியின் ஒரு வீடியோவைக்கூட விட்டதில்லை, அவர் ஒரு யோசனை எழுதினார்: "அக்கா, சந்தனத்தைத் துடைச்சுட்டு நிஜ பேஸ்ட் போட்டு அதே கேமை லைவ்ல ஓட்டிக் காட்டுங்க. சூடானா சந்தனம் நிஜம். நீங்களும் நிஜம்." அதற்கு முப்பத்தெட்டாயிரம் லைக். இரண்டாவதாக வந்த யோசனைக்கு நானூறு.

வியாழக்கிழமை தெருவே கனி கடையில் கூடிவிட்டது. துடைத்தால் காற்று போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும், கனிக்கும் தெரியும். ஐயாத்துரை மெதுவாகச் சொன்னார், "கேமராவுக்கு வேற பொட்டியைத் தொறந்து காட்டிருவோம் கனி. எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

நான் பொறுமையிழந்தேன். "ஏட்டி, முகம் தெரியாத முப்பத்தெட்டாயிரம் பேரு சொன்னதுக்காக எம் பிள்ளை வயித்துல கை வைப்பியா? இந்த ஒரு வாரம் முடியாதுன்னு சொல்லு. அவ பெத்துப் பிழைச்சு எந்திரிக்கட்டும், அப்புறம் நீ எதையும் துடை."

கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, இந்தப் பொட்டியில என் காசு இருக்கு, என் யோசனை ஒண்ணுகூட இல்ல. ஒவ்வொரு சாமானும் அவங்க சொன்னது. அவங்க சொல்றதுல எனக்குப் பிடிச்சதை மட்டும் செய்வேன்னா, நான் எதுக்கு அவங்ககிட்ட கேக்கணும்? ஒரு தடவை தள்ளிப்போட்டா, ஏழு வருஷமா சொன்னதெல்லாம் பொய்யாயிரும். அந்த பேஸ்ட்டை வாங்கு, இந்த கார்டை வாங்காதேன்னு சொன்னது அத்தனையும். எத்தனை பேரு கஷ்டப்பட்டுச் சேத்து வச்ச காசுல நான் சொன்னதை நம்பி வாங்கியிருக்கான். காளியை நான் நெனைக்காம இல்ல. ஆனா முடியாது அத்தே."

"அப்ப எம் பொண்ணு உனக்கு ஒண்ணுமில்ல."

காளீஸ்வரிதான் குறுக்கே பேசினாள். "அம்மா, சும்மா இரு. மதினி, நாளைக்கு டிராகன் கேமை நான்தான் ஆடுவேன். சூடாகுதா இல்லையான்னு கையில தெரியிற ஆள் நான்தான்."

பெற்றவள் நான் விருட்டென்று எழுந்து என் கடைக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கனி கேமராவை வைத்து, வணக்கம் சொல்லி, கம்ப்யூட்டரைப் படுக்கவைத்து, நான்கு திருகையும் கழற்றி, ஃபேனைத் தூக்கினாள். சந்தனம் அப்படியே இருந்தது, நேற்று வைத்தது மாதிரி ஈரமாக, கடை முழுக்க வாசனை. தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கனி ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, துடைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியதை அவள் மறைக்கவில்லை. பட்டாணி அளவு பேஸ்டை வைத்து, ஃபேனை முடுக்கி, நிமிர்த்தி வைத்து, காளீஸ்வரியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

டிராகன் பறந்தது. நாற்பது, அறுபது, எழுபத்தெட்டு. ஃபேன் ஊளையிட்டது. பூக்காரப் பெண்கள் கூடையை மூடினார்கள். எண்பத்தொன்பது, தொண்ணூற்றாறு. கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து அடுப்புக் காற்று வந்தது, தெருமுனையில் ஏழு மாதமாகக் காத்துக்கொண்டிருந்த வெயில் எழுந்து வந்து எங்கள் ஒவ்வொருவர் தலையிலும் உட்கார்ந்தது. காளீஸ்வரி வேர்த்து விறுவிறுத்து, டிராகனைக் கொன்றுவிட்டுத்தான் கையை எடுத்தாள். அந்த நொடியே கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் அணைந்தது.

"பாத்துக்கோங்க" என்றாள் கனி கேமராவிடம். "சூடாயிருச்சு. நீங்க சொன்னீங்க, செஞ்சுட்டேன்."

பிறகு சந்தனத்தை மறுபடி வைத்துப் பார்க்காமல் இருப்போமா, வைத்தோம். ஐயாத்துரை கை வலிக்க அரைத்துக்கொண்டு வந்தார், பூசாரி கோயில் சந்தனத்தையே கொடுத்தார், கவுன்சிலர் மைசூர்க் கட்டை வாங்கி வந்தார். எதுவும் ஆகவில்லை. நான்கு நிமிஷம் ஓடும், கோயில் வாசனை வரும், அணைந்துவிடும். நான் என் கடைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கனியோடு பேசவில்லை. காளீஸ்வரியின் கால் மறுபடி வீங்கியது, ஈரத் துணியை வைத்து வைத்து எடுத்தேன், வைத்த துணி வைத்த கையோடு காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கனி ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அன்வர் எழுதியிருந்தார்: "அக்கா, என் கம்ப்யூட்டர் குளிருது. விளையாட்டுக்குச் சொல்லல. வீட்ல அம்மா கம்பளி கேக்கிறாங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அன்று மாலைக்குள் பழனியிலிருந்து வந்தது, அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது, திருவாரூர்க்காரி குளிர்கிறது என்று எழுதினாள், குவைத் லாரிக்காரர் தன் அறையில் ஆறு பேர் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார். திங்கட்கிழமைக்குள் எண்ணி மாளவில்லை. யார் யாருடைய மெஷின் குளிர்கிறது என்று விசாரித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவானது: வெள்ளிக்கிழமை லைவை நடுவில் ஓட்டிவிடாமல் கடைசி வரை பார்த்தவர்களுடைய மெஷின்கள் எல்லாம் குளிர்ந்தன. பாதியில் எழுந்துபோனவர்களுக்கு ஒன்றும் கிடையாது, அவர்கள் புலம்பிய புலம்பல் தனிக் கதை. கனியின் கம்ப்யூட்டர் மட்டும் பார்த்த மெஷின் இல்லையே, காட்டிய மெஷின். ஆகவே உலகத்தில் எத்தனையோ மெஷின் குளிர, அது மட்டும் கொதித்தது. தெருவில் நக்கலுக்குக் கேட்கவேண்டுமா, நல்லதம்பி அப்பளத்தைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்து, பொரிகிறதா பார்ப்போம் என்றார்.

எங்கள் தெருக்கோடி இ-சேவை மையத்தில் இருக்கிற பிரேமாவும் கடைசி வரை பார்த்திருந்தாள். அங்கேயும் காற்று வந்தது, ஆனால் வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் எவ்வளவு காற்று வரும், விசிறி வீசினது மாதிரிதான். காளீஸ்வரியின் கட்டிலை அங்கே தூக்கிப் போட்டோம். பிரேமா தேவையில்லாமலே விண்ணப்பங்களைத் திறந்து திறந்து மூடினாள். செவ்வாய்க்கிழமை வலி கண்டது. ஆட்டோவில் போகும்போது என் வாய் எல்லாச் சாமியையும் கூப்பிட்டது, வெளியே நூற்றெட்டு டிகிரி வெயில். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுப் போடுகிற இடத்தில் இறங்கினோம், உள்ளே கால் வைத்ததும் ஜிலுஜிலு என்றிருந்தது.

சீட்டுப் போடுகிறவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார், "கனியக்கா வீடியோம்மா. சாப்பாட்டு நேரத்துல கடைசி வரைக்கும் பாத்தேன்."

பிரசவ அறையில் இருந்த கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற நர்ஸம்மாவும் பார்த்திருந்தாராம். என் பேத்தி சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், குளிரில் பிறந்தாள். பிரஷர் ஏறவில்லை, ஒரு சிக்கலும் இல்லை. பிள்ளையைச் சுற்றப் பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன், இது போதாதும்மா, கம்பளி இருந்தால் கொண்டாங்க என்றார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கனி கடைக்குப் போய், அடுப்பு மாதிரி காய்ந்துகொண்டிருந்த அந்தக் கடைக்குள் நுழைந்து, அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. அவளும் அழுதாள், "பிள்ளை என்ன நிறம் அத்தே" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஊருக்கெல்லாம் காற்றைக் கொடுத்துவிட்டுக் கனி மட்டும் வெக்கையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை யார் போய் எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது, காளீஸ்வரி என்றுதான் என் சந்தேகம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனும் கையுமாகத்தான் கிடந்தாள். வெள்ளிக்கிழமை காலை கனி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த யோசனைக்கு லைக் அதிகம் என்று பார்த்தாள். அன்வருடையதுதான். இந்தத் தடவை, குளிர்ந்த செய்தி கேட்டுப் புதிதாக வந்து பார்த்தவர்களையும் சேர்த்து, நான்கு லட்சம் லைக்.

"அக்கா, இந்த வாரம் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உட்காருங்க. பதினோரு மணிக்கு நாங்க செய்றோம்."

கனி அதை இரண்டு தடவை வாசித்தாள். ஏழு வருஷமாக அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள், கைக்கு வேலை இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்த காளீஸ்வரி பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெருவே வந்து நின்றது, எதற்கு என்று தெரியாமலே நின்றது.

பதினோரு மணிக்கு நான்கு லட்சம் பேர் அவரவர் வீட்டில், அவரவர் மெஷினில், தங்களிடம் இருப்பதிலேயே பெரிய கேமைத் திறந்தார்கள். பதினோரு மணி ஐந்துக்கு வடக்கே வேப்பமரம் அசைந்தது. முதலில் வந்தது குடியாத்தத்துக் காற்று, கஞ்சி போட்ட புதுக் கைலி வாசனையோடு. அதன் பின்னாலேயே பழனிக் காற்று விபூதி வாசனையோடு, திருவாரூர்க் காற்று வயல் வாசனையோடு, தூத்துக்குடிக் காற்று உப்போடு, கூடலூர்க் காற்று தேயிலையோடு, கடலைத் தாண்டி மட்டக்களப்புக் காற்று, பாலைவனத்தைத் தாண்டிப் பேரீச்சை வாசனையோடு குவைத்துக் காற்று, பம்பாயிலிருந்து, பினாங்கிலிருந்து, பெயரே தெரியாத ஊர்களிலிருந்து, ஒன்றையொன்று முட்டித் தள்ளாமல், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையாகத் தெருவுக்குள் நுழைந்து, கரிசல் வெடிப்பிலெல்லாம் இறங்கி, தீப்பெட்டி ஆபீஸ் தகரக் கூரைகளைத் தடவிக்கொடுத்து, பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களின் வேர்வையை ஆற்றி, கோவில்பட்டி முழுக்க நிறைந்து, கனியின் கடைக்குள் போய் அவள் முகத்தில் பட்டது. என் பேத்தி தும்மினாள். நூற்றாறில் இருந்த வெயில் எழுபதுக்கு வந்தது, அக்னி நட்சத்திரம் முடிகிற வரை அதற்கு மேல் ஏறவில்லை.

கனி அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காற்று அனுப்பியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள், ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் கை தட்டினோம். வாசித்து முடிக்க ஆடி மாதம் ஆயிற்று.